அப்பா பர்வதமலை ஏறிவிட்டேன், அம்மு

அம்மு,

போனில் சொன்னால் நடுவில் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன். போன சனிக்கிழமை ராத்திரி சென்னையிலிருந்து வேனில் கிளம்பி, ஞாயிறு காலை திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற பர்வதமலை ஏறி, சாயங்காலத்துக்குள் இறங்கியும் விட்டேன். அம்மா உனக்கு அனுப்பிய போட்டோவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

உயரம் என்றால் எனக்கு என்ன ஆகும் என்று நீ பார்த்திருக்கிறாய். நம் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் பக்கம் வரவே மாட்டேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அம்மாதான் ஏணியில் ஏறுவாள், ஆலந்தூர் மெட்ரோவில் மேல் பிளாட்பாரத்துக்குப் போவதற்குள் உள்ளங்கால் கூசி அடிவயிறு கலங்கிவிடும். போன வருஷம் உன் பதினெட்டாவது மாடி வீட்டில் இருபது நாள் இருந்தும் பால்கனிக்கு ஒரு தடவைகூட வரவில்லை. தினமும் காலையில் நீ காபியை எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போய் நின்றாய். நான் சோபாவில் உட்கார்ந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பிய வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அம்மாவிடம்கூட அப்போது சொல்லவில்லை.

அந்த டாக்டர் முதலில் ஒன்றை விளக்கினார். நாம் நேராக நிற்பதாக நினைக்கிறோமே, அப்போதும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்குமாம், பக்கத்தில் இருக்கிற சுவரையும் தரையையும் வைத்துத்தான் கண் அந்த ஆட்டத்தைக் கவனித்துச் சரிசெய்கிறது. உயரத்தில் கண்ணுக்குக் கிட்டத்தில் எதுவும் இல்லாததால் அந்தக் கணக்குத் தப்புகிறது, அதனால் யாருக்குமே கொஞ்சம் தடுமாற்றம் வரும், பயம் உள்ளவர்களுக்கு அது பல மடங்காகத் தெரியும். இது என் கோழைத்தனம் இல்லை என்று ஐம்பத்தேழு வயதில் முதல் தடவையாக ஒருவர் எனக்குச் சொன்னார். வெளியே வந்து வண்டியை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

அப்புறம் அவர் சொன்ன வைத்தியம், சின்ன உயரத்தில் தொடங்கு, பயம் உச்சிக்குப் போகும்போது ஓடிவராதே, அது தானாக இறங்கும்வரை அங்கேயே நில். பரங்கிமலைப் படியில் ஆரம்பித்தேன். பிறகு மெரினா கலங்கரை விளக்கம், அதுதான் பல வருஷம் மூடிக்கிடந்து 2013-ல் மறுபடியும் திறந்தார்களே. முதல் தடவை லிஃப்டை விட்டு வந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாட்சையே பார்த்தேன். பதினொரு நிமிஷம் கழித்து நெஞ்சுப் படபடப்பு நிஜமாகவே இறங்கியது, அம்மு. நாலாவது தடவை போனபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு அம்மாவும் கூட வந்தாள்.

பர்வதமலை இதெல்லாம் போல இல்லை. தென்மாதிமங்கலத்தில் இருட்டிலேயே நடக்கத் தொடங்கினோம். முதலில் படிகள், அடுத்து மரங்களுக்கு நடுவே கல்லும் வேருமாக ஒரு பாதை, அங்கே முழங்கால்தான் வலிக்கும், பயம் இல்லை. சங்கப் பாட்டில் நவிரம் என்று வருகிற மலை இதுதான் என்பார்கள், மலை வழியாகப் போகிற கூத்தர்களுக்கு எங்கே வழுக்கும், எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிற பாட்டு அது. மரங்கள் முடிந்ததும் மொட்டைப் பாறை. பாறையில் கடப்பாரைகளை அடித்து நட்டு, சங்கிலி கட்டி வைத்திருக்கிறார்கள், அதில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அப்புறம் இரும்பு ஏணி. அதன் இடுக்கு வழியாகக் கீழே எல்லாம் தெரிகிறது.

நாலாவது கடப்பாரையிலோ ஐந்தாவதிலோ நின்றுவிட்டேன். கால் நடுங்குவது சங்கிலியில் சத்தமாகக் கேட்டது. எனக்குப் பின்னால் எழுபது வயது இருக்கும் ஒரு பாட்டி, வெறுங்கால், இடுப்பில் செருகிய துணிப்பையில் அபிஷேகத்துக்குப் பால். வேகமாகப் போ என்று சொல்லவில்லை. “மெதுவா போப்பா, கையை மட்டும் பாரு, நான் பின்னாலதான நிக்கிறேன்” என்றார். நான் தவறினால் அந்தப் பாட்டியால் என்ன பிடிக்க முடியும்? ஆனாலும் அந்தச் சொல்லுக்குக் கை நகர்ந்தது. ஒரு கை, ஒரு கால், அடுத்த கை. மேலே மல்லிகார்ஜுனர் சன்னிதியில் நாமே பூஜை செய்யலாம், பாட்டி பாலைப் பாதி என் கையில் கொடுத்தார். லிங்கத்தின் மேல் ஊற்றும்போது நினைத்தது உன்னைத்தான்.

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினம். பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, காலால் துழாவித் துழாவி இறங்கினேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து அழுதேன். பயம் போய்விட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன், அது இருக்கிறது, அதோடு சேர்ந்துதான் இறங்கி வந்தேன்.

இன்னொன்று இருக்கிறது, உண்மையில் அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீ ஏழாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் செஞ்சிக்கு டூர் கூட்டிப்போனார்கள். பணம் கட்ட முடியாது, இந்த மாசம் கஷ்டம் என்றேன். நீ சரிப்பா என்று சொல்லிவிட்டு, படிவத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாய். பணம் இருந்தது, அம்மு. அங்கே கோட்டை இருக்கிற ராஜகிரி மலையின் உச்சிக்கு முன்னால் ஆழமான ஒரு பிளவும் அதன் மேல் ஒரு சின்னப் பாலமும் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், நீ அதில் நடப்பதை நினைத்தே இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் பயத்துக்கு உன் டூரைக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நீ எந்த டூருக்கும் என்னிடம் பணம் கேட்டதே இல்லை, வீட்டுக் கஷ்டத்தை நினைத்துத்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மன்னித்துக்கொள்.

சனிக்கிழமை ராத்திரி வேன் செஞ்சியைத் தாண்டும்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரமாகவே அந்த மலை கறுப்பாகத் தெரிந்தது. பயிற்சிக்கு எத்தனையோ இடம் போனேன், செஞ்சியை மட்டும் தொடவில்லை, அதை நீ இல்லாமல் ஏற மனசு வரவில்லை. டிசம்பரில் வரும்போது பிடிமானமுள்ள ஷூ எடுத்து வா. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம், பாலத்தில் நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன்.

அப்பா