வேகாத கடலைக்காய் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நம் கடையில் கடலைக்காய் வாங்கிப்போன சிலர் திரும்பி வந்தார்கள். "எட்டு விசில் விட்டேன், இன்னும் நறுக்கு நறுக்குன்னு இருக்குது" என்றார் ஒரு அக்கா. இன்னொருவர் வேகவைத்ததையே டப்பாவில் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டார். நானும் ஒன்றை உரித்துத் தின்று பார்த்தேன். ஓட்டில் உப்புக் கரித்தது, பருப்பு சப்பென்று இருந்தது.

தவறு எங்களுடையதுதான். அந்த மூட்டையில் இருந்தது பச்சைக் காய் அல்ல. காய்ந்த காயைத் தண்ணீரில் நனைத்துப் பச்சை என்று எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். நாங்களும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் இறக்கிக்கொண்டோம். அதில் வாங்கியவர்கள் பில் இல்லாவிட்டாலும் வந்து சொல்லுங்கள், அதே எடைக்கு நல்ல காய் தருகிறோம்.

ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு மூன்றும் சந்திக்கும் குப்பத்தில் கடை வைத்திருப்பவனுக்கு மூன்று பாஷையும் காதில் விழும். தெலுங்கில் செனக்காயலு என்று கேட்பார்கள், கன்னடத்தில் கடலேகாயி என்று கேட்பார்கள், திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் மல்லாட்டை என்பார்கள். இதுவரை எல்லாருக்கும் ஒரே கூடையைத்தான் காட்டினோம். இனி இரண்டு கூடை இருக்கும். ஒன்று பச்சை, ஒன்று காய்ந்தது. விலையும் வேறு வேறாகத்தான் இருக்கும். பிடுங்கிய அன்று காயின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நன்றாகக் காயவைத்ததில் அது 100 கிராமுக்கு 8, 9 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கிலோ பச்சையில் பருப்பு குறைவாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நீங்களே பார்த்து வாங்கலாம். காதருகே வைத்து ஆட்டினால் காய்ந்த காயில் பருப்பு கலகலக்கும், பச்சையில் சத்தம் வராது. நனைத்த காயும் சில சமயம் சத்தம் போடாமல் ஏமாற்றும் என்பதால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். பச்சைப் பருப்பை நகத்தால் அழுத்தினால் பால் மாதிரி ஈரம் கசியும். நனைத்தது இரண்டாகப் பிளந்துகொள்ளும். உடைக்கிறாயே என்று நாங்கள் கோபிக்க மாட்டோம். ஓட்டின் உட்புறத்தையும் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, கருத்திருந்தால் முற்றல். வேகவைக்க இரண்டுக்கும் நடுவில் இருப்பதே ருசி. எண்ணெய்க்கும் விதைக்கும்தான் நன்றாக முற்ற வேண்டும்.

சரி, வேகவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துச் செம்மண் லேசில் போகாது. மூன்று நான்கு தண்ணீரில் கைகளால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு கிலோ பச்சைக் காய்க்கு இரண்டு லிட்டர் தண்ணீர், 50 கிராம் கல்லுப்பு. கைக்கணக்கில் போடுபவர்கள் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் ரசத்தைவிட நன்றாகவே கரிக்க வேண்டும். காய் மிதக்கும். அதனால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பாத்திரத்தில் முக்கால் மணி நேரம், குக்கரில் மூன்று நான்கு விசில். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைத்து விசிலை அடைத்துக்கொள்ளும். மஞ்சள்தூள் போடுபவர்கள் உண்டு. எனக்கு அது தேவையாகப் படவில்லை.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அடுப்பை அணைத்த பிறகுதான். உடனே வடித்துவிடுகிறார்கள். கொதிக்கும்போது ஓட்டுக்குள் இருக்கும் காற்றும் ஆவியும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஆறும்போதுதான் அந்த இடத்துக்கு உப்புத்தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அதுவரை மிதந்த காய்கள் ஆற ஆற அடியில் மூழ்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அரை மணி நேரமாவது அந்தத் தண்ணீரிலேயே விட்டு, ஒன்றை உரித்துச் சுவைத்துவிட்டு வடியுங்கள். உப்பு தூக்கலாகிவிட்டால் வெறும் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் இறங்கிவிடும்.

காய்ந்த காய்தான் கிடைத்தது என்றால் முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். வெறும் பாத்திரம் என்றால் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வெந்துவிடும், ஆனால் பச்சைக் காயின் இனிப்பு வராது. வறுக்கத்தான் அது சரி என்பது என் கட்சி.

பச்சைக் காயை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சூடேறி ஒரே நாளில் பூஞ்சை பிடிக்கும். வாங்கிய உடனே விரித்துப்போட்டு, அன்றோ மறுநாளோ வேகவைத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்ததைக் கழுவி வேகவைக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. வேகவைத்த காயும் வெளியில் இருந்தால் அன்றே ஊசிப்போகும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். தொட்டால் கொழகொழவென்று இருந்தால் குப்பைக்குத்தான்.

ஆடி மழைக்கு விதைத்த மானாவாரிக் கடலை இப்போது பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். கார்த்திகை வரை பச்சைக் காய்க்குப் பஞ்சமில்லை. அப்புறம் பங்குனியில் கிணற்றுப் பாசனக் காய் வரும்வரை எங்களிடம் காய்ந்தது மட்டுமே இருக்கும். அந்த நாட்களில் பச்சைக் கூடை காலியாகவே கிடக்கும், நனைத்து நிரப்ப மாட்டோம்.

வண்டி காலை ஏழு மணிக்கு வருகிறது. மூட்டையை உங்கள் எதிரிலேயே பிரிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடலைக் கடைக்காரர்,
குப்பம்