மாசம் கைக்கு எவ்வளவு வரும்?

தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். அதிகாரிகளுக்கு,

வணக்கம். பத்து வருடமாகச் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். இதுவரை மூன்று கம்பெனி. இன்டர்வியூவுக்குப் போனது இருபது தடவைக்கு மேல் இருக்கும். கடந்த நான்கு வருடமாக நானே இன்டர்வியூ எடுக்கவும் செய்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் உங்கள்மேல் சொல்கிற குறையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாம் முடிந்து ஃபைலை மூடும்போது "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்கிறீர்கள். நாங்களும் நம்பி, சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம், இந்த டீமில் இருந்தவர் ஏன் வேலையை விட்டார் என்று கேட்டுவிட்டால் உங்கள் முகம் மாறிவிடுகிறது. அந்த முகத்துக்குப் பயந்துதான் நிறையப் பேர் "ஒண்ணும் இல்ல சார், தேங்க்யூ" என்று எழுந்து வருகிறோம்.

வீட்டில் ஒரு சுவர் எழுப்பக் கொத்தனாரைக் கூப்பிட்டால், அவர் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே கூலி பேசிவிடுவார். சித்தாளுக்கு எவ்வளவு, டீக்காசு தனியா, பஸ் செலவு யாருடையது, எல்லாம் வாசலிலேயே முடிந்துவிடும். திருப்பூரில் டெய்லர் வேலைக்குப் போகிறவர், ஷிப்ட்டுக்கு எவ்வளவு, ஒரு ஷிப்ட்டா ஒன்றரையா என்று கேட்காமல் மெஷினில் உட்கார மாட்டார். அரசாங்கமும் அப்படித்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். இளநிலை உதவியாளருக்கு 19,500 முதல் 71,900 வரை என்று ஊரறிய அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்து விண்ணப்பம் போடுகிறவர்களை யாரும் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்வதில்லை. நடுவில் ஏ.சி. அறையில் நடக்கிற நம் இன்டர்வியூவில் மட்டும்தான் சம்பளம் கெட்ட வார்த்தை ஆகியிருக்கிறது.

என் முதல் வேலையின் கதை இது. 2016, காலேஜ் கேம்பஸ். பிளேஸ்மென்ட் ஆபீசர் முந்தின நாளே எங்களை உட்கார வைத்து, "ஹெச்.ஆர். கிட்ட சம்பளத்தைப் பத்தி வாயே திறக்காதீங்க, காலேஜ் பேர் கெட்டுடும்" என்றார். நாங்களும் திறக்கவில்லை. பேக்கேஜ் 3 லட்சத்து 60 ஆயிரம் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பா பன்னிரண்டால் வகுத்து, மாசம் முப்பதாயிரம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

முதல் மாதம் வங்கியில் விழுந்தது 22,800 சொச்சம். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்து அட்டவணையை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். முப்பதாயிரத்தில் மூவாயிரம் வேரியபிள். வருடக் கடைசியில், கம்பெனிக்கும் மேனேஜருக்கும் மனசு இருந்தால் வரும். அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதமான 1,440 ரூபாய் கம்பெனி கட்டும் பி.எஃப்., அதுவும் என் சம்பளக் கணக்கிலேயே. நான் கட்டும் 1,440 அது போக. இன்ஷூரன்ஸ் 500, தொழில் வரிக்கு மாதம் சுமார் இருநூறு. அப்புறம், வேலையை விடும்போது கொடுக்கிற கிராஜுவிட்டி என்று 577 ரூபாய். ஐந்து வருடம் முழுதாக வேலை பார்த்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும். நான் மூன்று வருடத்தில் கிளம்பிவிட்டேன். என் 'சம்பளம்' என்று மாதாமாதம் எழுதி வைத்திருந்த அந்தத் தொகை, மொத்தம் இருபதாயிரத்துக்கு மேல், என் கண்ணில் படவே இல்லை.

இதில் சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கூலி கேக்காமயா கண்ணு வேலைக்குச் சேர்ந்த?" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நீங்கள் பேக்கேஜ் என்று சொல்லும் சி.டி.சி. (காஸ்ட் டு கம்பெனி) என்பது நான் உங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கிறேன் என்ற கணக்கு. எனக்கு வேண்டியது வாடகையும் மளிகையும் போடுகிற கணக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏழாயிரம் ரூபாயை இன்டர்வியூவில் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வேறு நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வீட்டு வாடகைப் படி போன்ற படிகளெல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டுகிற தொகை ஊதியக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் பி.எஃப்., கிராஜுவிட்டி கணக்குகளை நீங்களே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நேரத்தில் "கைக்கு எவ்வளவு வரும்" என்று ஒருவர் கேட்டால் அவர் விவரமாக இருக்கிறார் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

நாங்கள் கேட்கக் கூடாது, சரி. நீங்கள் கேட்பது? கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப், வருமான வரி பிடித்ததைக் காட்டும் ஃபார்ம் 16, சில இடங்களில் பேங்க் ஸ்டேட்மென்ட். முன்பின் தெரியாத ஒருவரிடம் என் வங்கிக் கணக்கை நான் விரித்துக் காட்ட வேண்டும். அந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை மட்டும் ராணுவ ரகசியம்.

பழைய சம்பளத்தின் மேல் முப்பது சதவீதம் என்கிற உங்கள் வழக்கம் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். 3.6 லட்சத்தில் ஆரம்பித்தவள் இரண்டு தடவை கம்பெனி மாறினால் 6.08 லட்சம். பெரிய காலேஜில் படித்து 5 லட்சத்தில் ஆரம்பித்தவர் அதே இரண்டு தாவலில் 8.45 லட்சம். வேலை ஒன்று, டீம் ஒன்று, எழுதும் டெஸ்ட் கேஸும் ஒன்று. ஆரம்பத்தில் 1.4 லட்சமாக இருந்த இடைவெளி 2.37 லட்சம் ஆகிவிட்டது. பதினெட்டு வயதில் எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்பதற்கு இன்னும் எத்தனை வருடம் அபராதம் கட்டுவது? பிரசவத்துக்காக இரண்டு வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வரும் பெண்ணுக்கு இது இன்னும் மோசம்.

வேறு இடங்களில் இதை மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட்டாக வேண்டும். நியூயார்க் நகரம் 2022 நவம்பரில், கலிஃபோர்னியா 2023 ஜனவரியில் அதே வழிக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த விதிப்படி, இன்டர்வியூவுக்கு முன்பே வரம்பைச் சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. உறுப்பு நாடுகள் இதைச் சட்டமாக்க வைத்த கெடு 2026 ஜூன் 7. உங்களில் எத்தனையோ பேரின் தலைமை அலுவலகமும் கிளையன்ட்டும் அந்த ஊர்களில்தான் இருக்கிறார்கள். கொலராடோவின் டென்வரில் விளம்பரத்தில் போட முடிகிற தொகை, சோழிங்கநல்லூருக்கு வரும்போது மட்டும் ஏன் கூச்சப்படுகிறது?

அடுத்தது 'கல்ச்சர்'. கம்பெனி எப்படி என்று கேட்டால் "நாங்க எல்லாரும் ஒரு ஃபேமிலி மாதிரி" என்று சொல்லாத ஹெச்.ஆரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் குடும்பத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் ஸ்கிரீன்ஷாட் கேட்டதில்லை. போகட்டும். எங்களுக்குத் தெரிய வேண்டியது அத்தனை பெரிய விஷயமே இல்லை. நைட் ஷிப்ட் முடிந்தால் கேப் வீட்டு வாசல்வரை வருமா, மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுமா? லீவு கேட்டால் கிடைக்குமா, லீவு போடுவதற்கு முன் "யார் கவர் பண்ணுவா?" என்று நாமே ஆள் தேட வேண்டுமா? பத்துப் பேர் வேலை பார்க்கும் இடமாக இருந்தாலே பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழுவின் தலைவி யார்? இதை ஒரு இடத்தில் கேட்டேன். எதிரில் இருந்தவர் ஒரு பிரச்சினை நடந்து வருவதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பெயர் அவருக்குத் தெரியவில்லை.

அதே மனிதர் பத்து நிமிடம் முன்னால், கல்யாணம் எப்போது, ஆனபிறகு வேலைக்கு வருவீர்களா, வீட்டில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் என் வீட்டுக் கல்ச்சரைத் துருவித் துருவிக் கேட்டவர்.

இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்டும் அப்படித்தான். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று வருடம் முடிவதற்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே அந்த நிபந்தனையை ஆள் எடுக்கும் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய வேலையை விட்டுவிட்டு, ஜாயினிங் அன்று காலை பேனாவோடு நிற்கும்போது ஸ்டாம்ப் பேப்பரை நீட்டுவது வேறு. தொண்ணூறு நாள் நோட்டீஸ், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது, இதெல்லாம் முதல் போன் காலிலேயே சொல்ல வேண்டிய சமாச்சாரம்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். வரம்பை வெளியே சொன்னால் எல்லோரும் மேல் எல்லையைத்தான் கேட்பார்கள், உள்ளே ஏற்கெனவே இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வருவார்கள்தான். ஐந்து வருடமாக இருக்கிற ஆளுக்குப் புதிதாக வருபவரைவிடக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் வந்து கேட்க வேண்டியதுதானே? அதை மறைக்க வெளியிலிருந்து வருபவர்களை ஊமையாக்க வேண்டுமா? ஜூனியர் ஹெச்.ஆர். பலருக்குத் தொகையைச் சொல்லும் அதிகாரமே இல்லை என்பதும் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதிகாரம் உள்ளவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இப்போது என் பங்கு. 2023ல் எங்கள் டீமுக்கு ஆள் எடுத்தோம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன், இரண்டு வருட அனுபவம். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னான். ஏதாவது கேட்கணுமா என்றேன். "மேடம், சனிக்கிழமை வேலை இருக்குமா? அப்புறம், மாசம் கைக்கு எவ்வளவு வரும்?" என்றான். "அதெல்லாம் ஹெச்.ஆர். சொல்வாங்க" என்றேன். அவன் போனபிறகு படிவத்தில் 'டெக்னிக்கல் ஓகே, அட்டிட்யூட் பார்க்கணும்' என்று எழுதினேன். அவனை எடுக்கவில்லை.

அந்த புராஜெக்ட்டில் அப்போது இரண்டு மாதமாக ஏறக்குறைய எல்லாச் சனிக்கிழமையும் நாங்கள் அலுவலகத்தில்தான் இருந்தோம். பதில் எனக்குத் தெரியும். சம்பளமும் தோராயமாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் வர மாட்டானோ என்ற பயத்தை அவனுடைய அட்டிட்யூட் என்று எழுதி வைத்தேன். சனிக்கிழமை அவனுக்கு என்ன அவசியம் என்றுகூட நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதிலைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் வர மறுத்துவிட்டார்கள். மேனேஜர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு வாரம் இருந்தார். சேர்ந்த மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள்.

வருகிற வாக்-இன்னுக்கும், அதாவது நேரில் வருபவர்களை அன்றே இன்டர்வியூ செய்யும் நாளுக்கும், என்னைப் பேனலில் போட்டிருக்கிறார்கள். அழைப்பு மெயிலில் வேலையின் பெயருக்குக் கீழேயே சம்பள வரம்பு, கைக்கு வரும் தோராயத் தொகை, ஷிப்ட், நோட்டீஸ் எத்தனை நாள் என்று நாலு வரி சேர்க்கச் சொல்லி எங்கள் ஹெச்.ஆருக்கு எழுதியிருக்கிறேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. வாக்-இன் நாளை மட்டும் முடிவு செய்து அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை.

இப்படிக்கு,
மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்த ஒரு டெஸ்டர்
சென்னை