துப்பாக்கிக்கு ஒரு பை வாங்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்று வாழும் தமிழர்களில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு சட்டத் தடை இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே அதை மறைத்து எடுத்துச் செல்லலாம். உரிமம் கேட்பவர் தனிப்பட்ட காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க் வைத்திருந்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் நீக்கியது. துப்பாக்கி வாங்கியவருக்கு அடுத்த கேள்வி, அதை எதில் வைப்பது என்பது. சல்வாருக்கு பெல்ட் கிடையாது. கோடையில் மெல்லிய டி-ஷர்ட்டுக்கு அடியில் துப்பாக்கி துருத்திக்கொண்டு தெரியும். அதனால் இடுப்புப் பை வாங்குகிறார்கள். அதில் நடக்கும் தவறுகள் உயிர் போகும் தவறுகள் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியின் விசை. கிளாக் 19 போன்ற கைத்துப்பாக்கிகளில் விரலால் நகர்த்திப் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசையை முழுதாக இழுத்தால் சுட்டுவிடும். இழுப்பது விரலா, சாவியா, பேனா மூடியா என்று அதற்குத் தெரியாது. பையோடு வரும் எலாஸ்டிக் துணிப்பட்டை துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் விசையைக் காக்காது. அந்தத் துப்பாக்கி மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறை வேண்டும். கடையில் சோதிக்க எளிய வழி: தோட்டா இல்லாத துப்பாக்கியை உறையில் போட்டுப் பைக்குள் வைத்து, வெளியிலிருந்து கட்டைவிரலால் விசை இருக்கும் இடத்தை அழுத்துங்கள். கெட்டியான பிளாஸ்டிக் தவிர வேறெதுவும் தட்டுப்படக் கூடாது. துணி குழிந்து விசை நெருடினால் அந்தப் பை வேண்டாம்.

அந்த உறை பைக்குள் எப்படி நிற்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் வெல்க்ரோவில்தான் ஒட்டியிருக்கும். வெல்க்ரோ பக்கவாட்டில் இழுத்தால் பிடிவாதமாக நிற்கும், ஓரத்திலிருந்து உரித்தால் உடனே விட்டுவிடும். துப்பாக்கியைச் சாய்வாக உருவும்போது நடப்பது உரிப்பதுதான். நாள்பட நூலும் பஞ்சும் ஏறினால் பிடிப்பு இன்னும் குறையும். கடைசியில் துப்பாக்கியோடு உறையும் சேர்ந்தே கைக்கு வந்துவிடும். வெல்க்ரோவோடு ஒரு தையல் பட்டையோ திருகாணியோ உறையைப் பிடித்திருக்க வேண்டும். வெற்றுத் துப்பாக்கியை வைத்து, ஜிப்பைத் திறந்துவிட்டுப் பையைத் தலைகீழாக உலுக்கினால் எதுவும் விழக் கூடாது.

துப்பாக்கி அறையில் துப்பாக்கி மட்டுமே இருக்க வேண்டும். பணம், போன், உதட்டுச்சாயம் எல்லாம் தனி ஜிப் உள்ள முன் அறைக்கு.

அளவுக்கு வருவோம். கிளாக் 19 சுமார் 7.3 அங்குல நீளம், மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) 5 அங்குல உயரம், 15 தோட்டாக்களோடு ஏறக்குறைய 850 கிராம். அதைவிடச் சிறிய சிக் சாவர் பி365 துப்பாக்கி 5.8 அங்குல நீளம், 4.3 அங்குல உயரம். உறை, விரல் நுழையும் இடம் இரண்டுக்கும் சேர்த்து, பையின் உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கமான பையில் கைப்பிடியை முழுதாகப் பற்ற முடியாமல் இரண்டு விரலால் கிள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பட்டை 1.5 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பையின் முதுகில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு இல்லாவிட்டால் எடை முழுவதும் முன்னால் கவிழ்ந்து பை தொங்கும். பக்கிளை முதுகுப் பக்கம் விடாதீர்கள். பின்னால் வருபவன் இரண்டு விரலால் அழுத்தினால் பை அவன் கையில் இருக்கும்.

ஜிப்பில் இரண்டு இழுப்பான்கள் இருந்தால் இரண்டையும் ஒரே மூலையில் நிறுத்துங்கள். நடுவில் சந்தித்தால் திறக்க இரண்டு கையும் வேண்டும். உள்துணி தளர்ந்து ஜிப் பல்லுக்கு அருகே கிடந்தால் அவசரத்தில் கட்டாயம் மாட்டும். வாங்குமுன் வேகமாக இருபது முறையாவது திறந்து மூடிப் பாருங்கள். இழுப்பானில் பளிச்சென்ற வண்ணக் கயிறு கட்டித் தருகிறார்கள். இடுப்பு உயரத்தில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது விளையாட்டுப் பொருள், வேண்டவே வேண்டாம். ராணுவப் பச்சை, துப்பாக்கிச் சின்ன ஒட்டுகள், வரிவரியான பட்டைகள் உள்ள பையும் வேண்டாம். உள்ளே இருப்பது என்னவென்று தெருவுக்கே சொல்லிவிடும்.

வைக்கும் முறை இதுதான். பையைக் கழற்றி மேசைமேல் வையுங்கள். துப்பாக்கிக் குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். துப்பாக்கியை உறையில் செருகி உறையைப் பையில் பொருத்தி, அதன் பிறகு இடுப்பில் கட்டுங்கள். கட்டிய பைக்குள் ஒரு கையால் வாயை விரித்துப் பிடித்து மறு கையால் செருகினால், விரித்த கை குழலுக்கு நேர் எதிரே இருக்கும். உருவும்போதும் அதே ஆபத்து. இடக்கை ஜிப்பை இழுத்து முடித்ததும் நேராக நெஞ்சுக்கு வர வேண்டும். பை ஓரத்திலேயே நின்றால் குழல் அதன் குறுக்கே கடக்கும். பையில் துப்பாக்கி படுக்கை வசத்தில் கிடப்பதால் பக்கத்தில் நிற்பவரையும் அது பார்க்கிறது என்பது நினைவிருக்கட்டும். வீட்டில் பழகுவதானால் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகம்) இழுத்து, தோட்டா இருக்கும் குழியைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுப் பழகுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் பையின் பெரிய குறை தீராது: அது கழற்றக்கூடியது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலக் கடை ஒன்றில், துப்பாக்கி வைக்கவென்றே செய்த கைப்பையை ஒரு தாய் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். அதன் ஜிப்பைத் திறந்த இரண்டு வயது மகன் சுட்டதில் அவர் அங்கேயே இறந்தார். பை உடம்பில் இருக்க வேண்டும், இல்லையேல் பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். கழிப்பறைக் கொக்கி, கார் இருக்கை, உணவக நாற்காலி எதுவும் இடமாகாது. வீட்டு ஆணியிலும் மாட்டக் கூடாது. பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு அது வெறும் பைதான். டயப்பர் தேடுகிறவர் அதையும் திறந்து பார்ப்பார். மேலும், சுற்றுலா விசா, ஹெச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மத்திய சட்டப்படி குற்றம்.

உரிமம் கட்டாயமில்லாத மாநிலத்திலும் உரிமம் எடுத்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்திய சட்டத்தில், அந்த மாநில உரிமம் பெற்றவருக்கு விலக்கு உண்டு. மாநில எல்லை தாண்டினால் அந்த உரிமம் செல்லுமா என்று முன்பே பாருங்கள்.

துப்பாக்கிப் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பாஸ்போர்ட் வைக்க வசதி என்று அதையே விமான நிலையத்துக்குக் கட்டிக்கொண்டு போகத் தோன்றும். 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. அப்போதைய உச்ச அபராதம் 15,000 டாலரை நெருங்கியது. துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் பையின் மடிப்பில் ஒரு 9 மி.மீ. தோட்டா தங்கிவிடக்கூடும். அதோடு சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டால் ஆயுதச் சட்டம், 1959இன்கீழ் வழக்கு வரும். தெரியாமல் இருந்தது என்பதை நீதிமன்றங்கள் ஏற்பது உண்டு, ஆனால் அதற்குள் பயணமும் விடுமுறையும் போய்விடும். ஊருக்கு வரும்போது வேறு பை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், டாலஸ், டெக்சாஸ்