மினிக்கு எந்தச் சக்கரம்?

அன்பு மகள் கயலுக்கு,

13 அங்குல ரிம் படத்தை அனுப்பி, போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. உன் பழைய மினிக்கு, அந்தக் குட்டி பிரிட்டிஷ் காருக்கு, அழகைப் பார்த்துச் சக்கரம் வாங்கக் கூடாது, பிரேக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே அளந்து பார். 8.4 அங்குல டிஸ்க் என்றால் 10 அங்குல ரிம் அதன்மேல் உட்காராது, 12தான் வழி. டிரம்மோ 7.5 அங்குல டிஸ்க்கோ இருந்தால் யோசிக்காமல் 10 போடு. 1959இல் அந்த வண்டி வந்ததே 10 அங்குலச் சக்கரத்தோடுதான்.

10க்கு 5 அங்குல அகல ரிம்மும் 165/70 டயரும் எடு (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம்). 12க்கு 165/60. 13இல் போடும் 175/50 டயருக்குப் பக்கச்சுவர் 87 மி.மீ.தான், 165/70க்கு 115. மினியின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வரும் தூரம் குறைவு. அதனால் குலுக்கலில் பெரும்பங்கை டயர்தான் வாங்குகிறது. போதாததற்கு, 13 அங்குலச் சக்கரம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உரசும்.

ரிம்மின் நான்கு நட்டுத் துளைகளின் நடுவழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 101.6 மி.மீ. வேறு கார்களின் 100 மி.மீ. ரிம்மும் தள்ளினால் ஏறிவிடும். ஏமாந்துவிடாதே: நட்டு சரியாக உட்காராது, ஓட ஓடத் தளரும். அலாய் ரிம்முக்கு அதற்கேற்ற நட்டு வாங்கு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். 10 அங்குல டயர் மெதுவாகத்தான் விற்கும், கடையிலேயே பழசாகிக் கிடக்கும். தேதி பார்க்காமல் பணம் கொடுக்காதே.

இனி சஸ்பென்ஷன். முதலில் அடியில் குனிந்து பார். முன்னிருந்து பின்னுக்குத் திரவக் குழாய் ஓடினால் அது ஹைட்ரோலாஸ்டிக், அழுத்தத்தில் இருக்கும் திரவத்தால் இயங்கும் சஸ்பென்ஷன். நீ கை வைக்காதே. இல்லையென்றால் ரப்பர் கோன், ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் கூம்பு வடிவ ரப்பர். வருஷங்களில் அந்த ரப்பர் அமுங்கி, வண்டி தாழ்ந்து, கட்டைபோல் ஓடும். பலர் கோனுக்கும் சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் நடுவே நிற்கும் ட்ரம்பெட் என்ற தண்டை உயரம் மாற்றும் வகையாகப் போட்டு, செத்த கோனையே தூக்கி நிறுத்துகிறார்கள். உயரம் வரும், மென்மை வராது. நான்கு கோனையும் மாற்று, கூடவே ட்ரம்பெட்டின் முனையில் இருக்கும் பந்து மூட்டான நக்கிள் ஜாயிண்டையும் அதன் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கிரீஸ் வைத்து மாற்று. முன் கோனைக் கழற்ற அதற்கான அமுக்கும் கருவி கட்டாயம். அந்த அழுத்தம் விரலை எடுத்துவிடும். அந்தக் கருவி மாட்டும் மரை பழைய கோனில் அங்குல அளவு, பிற்காலத்தில் வந்த கோனில் மெட்ரிக். பார்த்து முறுக்கு.

வண்டியைத் தாழ்த்தினால் நீளம் குறைந்த ஷாக் அப்சார்பரும் வேண்டும். இல்லையென்றால் ஜாக்கியில் தூக்கும்போது சக்கரம் அளவுக்கு மேல் தொங்கி, நக்கிள் கிண்ணத்திலிருந்து கழன்றுவிடும். தெரியாமல் இறக்கி ஓட்டினால் கிண்ணம் நொறுங்கும். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்று: ட்ரம்பெட்டில் 1 மி.மீ. என்பது சக்கரத்தில் முன்னால் ஏறக்குறைய 3, பின்னால் 5.

புதுக் கோன் சில நூறு கிலோமீட்டரில் படியும். அதற்குப் பிறகே அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் பார்க்கும் திசையைச் சரிசெய்வது: முன் சக்கரங்கள் 1.6 மி.மீ. வெளிநோக்கி, பின் சக்கரங்கள் 3.2 மி.மீ. உள்நோக்கி. அன்றைக்கே வீல் நட்டுகளையும் முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் 60 நியூட்டன் மீட்டர் வைத்து இன்னொரு முறை பார்த்துவிடு.

அன்புடன்,
அப்பா