ஹனோய் உணவு உலா: சனிக்கிழமை காலை

அனைவருக்கும் வணக்கம். 14ஆம் தேதி சனிக்கிழமை காலை 6.30 மணிக்கு விடுதி வாசலில் கூடி, ஹோன் கியெம் ஏரிக்கரை வழியாகப் பழைய நகருக்கு நடக்கிறோம்.

1. விடுதியில் சாப்பிட வேண்டாம். முதலில் ஃபோ, அதாவது அரிசி நூடுல்ஸ் சூப். மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் ‘ஃபோ கா’ என்று கேட்டால் கோழி கிடைக்கும்.
2. மதியம் பூன் சா: கரி அடுப்பில் சுட்ட பன்றி இறைச்சி.
3. சைவர்களுக்கு ‘சாய்’ என்று பலகை வைத்த கடை. மற்ற கடைகளில் கீரையிலும் மீன் சாறு இருக்கலாம்.
4. முட்டைக் காப்பி: 1946இல் பால் தட்டுப்பாட்டின்போது மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்ததில் பிறந்தது. முகம் சுளிக்காதீர்கள், சென்ற முறை நான் இரண்டு கோப்பை குடித்தேன்.
5. சில்லறை டாங் நோட்டுகள் அவசியம்.

சைவமா அசைவமா, வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்பதைப் புதன் இரவுக்குள் எழுதுங்கள். கட்டைவிரல் குறி மட்டும் போதாது.