பழைய கேம் டிஸ்க் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு அப்பாவும் பள்ளியில் படிக்கும் மகனும் கடைக்கு வந்தார்கள். பையன் ஒரு கேம் பெட்டியை நீட்டி, “அண்ணா, இதை எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்குவீங்களா?” என்றான். திறந்து பார்த்தால் உள்ளே டிஸ்க் இல்லை. டவுன்லோட் கோட் அச்சிட்ட ஒரு தாள்தான் இருந்தது, அதுவும் ஏற்கெனவே பயன்படுத்தியது. வேறோர் இடத்தில் முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். எங்களால் ஒரு ரூபாய்கூடத் தர முடியவில்லை. அவன் முகம் வாடிப்போனது இன்னும் மனசில் நிற்கிறது.

பழைய டிஸ்க் வியாபாரத்தில் பணம் எங்கே போகிறது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். 4,999 ரூபாய்க்கு ஒரு புது டிஸ்க் விற்றால், பெரும்பகுதி கேமை வெளியிட்டவர்கள், கன்சோல் (கேம் ஆடும் கருவி) நிறுவனம், விநியோகஸ்தர், வரி என்று போய்விடும். கடைக்கு மிஞ்சுவது சொற்பம். அதே டிஸ்கை உங்களிடம் 2,000-க்கு எடுத்து 2,700-க்கு விற்றால், இடையில் உள்ள 700-க்கு ஜிஎஸ்டி கட்டியது போக மீதி எங்களுடையது. எங்கள் கடை வாடகை அந்தப் பழைய டிஸ்க் அலமாரியிலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் கேம்ஸ்டாப் என்ற கேம் கடைச் சங்கிலி பல வருடம் கொழித்ததும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் அந்த 2,700-இல் கேமை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசாவும் போகாது. வருடக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஜப்பானில் கேம் நிறுவனங்கள் பழைய கேம் கடைகள் மேல் வழக்கே போட்டன. முதல் விற்பனையோடு, மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை தீர்ந்துவிட்டது என்று 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-இல் ஈஏ என்ற அமெரிக்க கேம் நிறுவனம் வேறு வழி பிடித்தது: பழைய டிஸ்க் வாங்கியவர் ஆன்லைனில் ஆட வேண்டுமானால் தனியாகக் காசு கட்ட வேண்டும். 2013-இல் அதைக் கைவிட்டது. அதே வருடம் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் பழைய கேமுக்குக் கட்டுப்பாடு வைக்கப் பார்த்த மைக்ரோசாஃப்ட், எழுந்த எதிர்ப்பில் ஒரு மாதத்துக்குள் பின்வாங்கியது.

நிறுவனங்கள் கணக்கில் சேர்க்காத ஒன்றை நாங்கள் தினமும் பார்க்கிறோம். டிஸ்க் விற்க வருகிறவர்களில் காசை வாங்கிக்கொண்டு அப்படியே போகிறவர்கள் குறைவு. அதோடு கொஞ்சம் சேர்த்துப் புது கேம் ஒன்றை எடுத்துப் போகிறவர்களே அதிகம். பிடிக்காவிட்டால் ஒரு பகுதிப் பணமாவது திரும்பும் என்ற தைரியத்தில்தான் முழு விலை கொடுக்கிறார்கள். பழைய அலமாரியை மூடினால் புது அலமாரியும் காற்று வாங்கும் என்பது எங்கள் அனுபவம்.

இப்போது வழக்கும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம், டிஸ்கே இல்லாமல் போகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) டிஜிட்டல் எடிஷன் ஆகிய இரண்டு கன்சோலிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது. 2025-இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் சில கேம்களுக்கு ‘கேம் கீ கார்டு’ வருகிறது. கார்டில் முழு கேம் இருக்காது, டவுன்லோட் செய்ய வேண்டும். ஆனால் கார்டைச் செருகினால்தான் கேம் ஓடும் என்பதால் அதை மறுபடி விற்கலாம்.

அதனால் இந்த மாதம் முதல் எங்களிடம் உள்ள ஒவ்வொரு பெட்டியிலும் ‘டிஸ்க்’, ‘கீ கார்டு’, ‘கோட் மட்டும்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். முதல் இரண்டையும் எக்ஸ்சேஞ்சுக்கு எடுப்போம். மூன்றாவதை எடுக்க வழியில்லை.

அப்புறம், கீறல் விஷயம். பிஎஸ்2 கால டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில் இருந்தது, கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம். இப்போதைய கேம் டிஸ்கான ப்ளூரேயில் அது வெறும் 0.1 மி.மீ.-க்குள் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு உண்டு என்றாலும், அதையும் தாண்டிய கீறலைத் தேய்க்கப் போனால் டிஸ்கே போய்விடும். டிஸ்கை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து விலை சொல்வது இதனால்தான். தயவுசெய்து பெட்டியில் வைத்தே கொண்டு வாருங்கள்.

வாங்கும் முன் சந்தேகம் இருந்தால் பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். வேறு கடையில் வாங்குவதாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் கேம் கடை