கரையோர மரத்தில் கயிற்றைக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் பிரான்சின் கனால் து மிதி கால்வாயில் படகுப் பயணம் செய்வது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். துலூஸ் நகரில் வசிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது ஒரு பகல் முழுவதும் அதே கால்வாயில் மிதந்தவன் என்பதால், கட்டுரையாளர் சொன்னவற்றில் பெரும்பகுதி நானும் கண்டதே. ஆனால், ‘பசித்த இடத்தில் கரையோர மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு நிழலில் அமர்ந்து உண்ணலாம்’ என்ற யோசனை மட்டும் திருத்தப்பட வேண்டும். அங்கே எவரும் செய்யக்கூடாத செயல் அதுதான்.

நாங்கள் ஓம்ப்ஸ் என்னும் ஊரின் துறையில் காலையில் படகேறினோம். வாடகைப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. படகைக் கொடுப்பவர் சிறிது நேரம் சொல்லித் தருவதோடு சரி. மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, ஏனெனில் அலை எழுந்தால் மண்கரை கரைந்துவிடும். கரைப் பாதையில் நாயுடன் ஓடிய பெரியவர் ஒருவர் எங்களை முந்திச் சென்றதில் மருமகனுக்குச் சற்று மனக்குறை. அர்ஜான் வரை நீர்ப்பூட்டுகள் குறுக்கிட்டன. கதவை மூடி நீரை வடியவிட்டுப் படகை அடுத்த மட்டத்துக்கு இறக்கும் இந்தத் தொட்டிகள் முட்டை வடிவில் இருக்கின்றன. தொடக்கத்தில் நேர்ச்சுவருடன் கட்டிய ஒன்று மண்ணின் அழுத்தத்தில் சரிந்துவிடவே, கால்வாயை அமைத்த பியேர்-போல் ரிகே சுவர்களை வில்போல் வளைத்துக் கட்டச் செய்தார். பூட்டுக் காவலர் மதிய உணவுக்குப் போனால் ஒரு மணி நேரம் எல்லாப் படகுகளும் நிற்க வேண்டியதுதான், யாரும் முணுமுணுக்கவில்லை. அர்ஜானைக் கடந்தபின் பேசியே நகரம் வரை 54 கிலோமீட்டருக்குப் பூட்டே கிடையாது. 1676-இல் கட்டப்பட்ட கற்பாலத்தின்மேல் கால்வாய் ரெப்யூத்ர் என்னும் சிற்றாற்றைக் கடக்கிறது. படகின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் நமக்குக் கீழே இன்னொரு நீரோட்டம். மாலையில் லெ சொமாய் ஊரின் கூன்முதுகுக் கற்பாலத்தருகே இறங்கினோம்.

இந்தப் பயணத்தின் சுகத்தில் பாதி, இரு கரையிலும் கிளைகோத்து நிற்கும் பிளாத்தான் மரங்களின் நிழல். பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் நடப்பட்டவை. ஏறத்தாழ 42,000 மரங்கள் இருந்தன. 2006-இல் இந்தக் கால்வாயோரம் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையில் அது பிரான்சுக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. பட்டையில் சிறு காயம் கிடைத்தாலும் பூஞ்சை உள்ளே புகுந்து நீர்க்குழல்களை அடைத்துவிடுகிறது. பக்கத்து மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதால் நோய் வரிசையாகப் பரவுகிறது. நீரும் அதைச் சுமந்து செல்கிறது. மருந்து இல்லை, வெட்டி எரிப்பதுதான் வழி. இப்படிப் பல்லாயிரம் மரங்கள் போய்விட்டன. எங்கள் வழியிலும் நிழல் திடீரென அறுந்து, வெயிலில் வெறுங்கரையும் முழங்கால் உயரக் கன்றுகளும் மட்டுமே தெரிந்த இடங்கள் உண்டு. தங்கள் கட்டுரையுடன் வந்த படத்தில் அந்த இடங்கள் இல்லை.

அடிமரத்தைச் சுற்றி இறுகும் கயிறு பட்டையை உராய்ந்து புண்ணாக்கும். அதே கயிறு நாளை வேறோர் ஊரின் மரத்தைச் சுற்றும். ஆகவேதான் மரத்தில் படகு கட்டுவதற்குத் தடை இருக்கிறது. எங்கள் படகிலேயே இரண்டு இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் வைத்திருந்தார்கள். கரையோரப் பாதையில் செல்பவர் கயிற்றில் தடுக்கி விழாதபடி முளையை நீரோரமாக அடித்துக் கட்டுவது சில நிமிட வேலை. என் முதல் முயற்சியில் முளை பிடுங்கிக்கொண்டு படகு எதிர்க்கரைக்குப் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1666-இல் அரச ஆணை பெற்றுத் தொடங்கிய 240 கிலோமீட்டர்க் கால்வாய் இது. 1681-இல் திறக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ரிகே இறந்துவிட்டார். 1996 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாகவும் இருக்கிறது. கட்டுரையைப் படித்து அங்கே செல்ல எண்ணும் வாசகர்களுக்காக, அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே இந்த ஒரு திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புதுச்சேரி